எட்டுப் பாட்டில் கடைசிப் பாட்டு: செஞ்சிக்கு ஒரு சனிக்கிழமை

மூத்த பேரன் சேவியர் கப்பல் படிப்பு முடித்து மும்பைத் துறைமுகத்தில் வேலையில் இருக்கிறான். அவன் தங்கை பிரியா செவிலியர் படிப்பில் வகுப்பிலேயே முதல். நான் நோட்டில் எழுதிக் கொடுப்பதை இந்தப் பக்கத்தில் ஏற்றுகிறவளும் அவள்தான். சின்ன மகனின் பிள்ளை ஜோயல் மாவட்டக் கபடியில் கோப்பை வாங்கினான். அவன் அக்கா நான்சி வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுகிறாள். அவளே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு. தாம்பரத்துக்குக் காலை ரயிலில் நின்றுகொண்டே போவதைப் பற்றியது. அது மட்டும் இன்னும் மேடை ஏறவில்லை. இதுவரை நடந்த மூன்று கச்சேரியிலும் கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போனது. நான்காவது கச்சேரி செஞ்சியில், ஒரு தனியார் கல்லூரி விழாவில் என்றதும், இந்த முறை நேரில் கேட்டே தீருவது என்று போன மாதம் நானும் கிளம்பினேன்.

குழுவின் வேனில் எனக்கு வைத்திருந்த இடத்தை டிரம்ஸ் பிடித்துக்கொண்டது. அதனால் பஸ். செங்கல்பட்டில் காலை 7.40க்கு ஏறி, திண்டிவனத்தில் 9.20க்கு இறங்கினேன், டிக்கெட் 60 ரூபாய். அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர், 27 ரூபாய், ஐம்பது நிமிஷம். ஜன்னல் ஓரம் கிடைத்தால் வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை பார்க்கலாம். செஞ்சி பஸ் நிலையத்தில் இட்லி நன்றாக இருந்தது, சாம்பார் தண்ணீர்.

கச்சேரி மாலையில்தான் என்பதால் முதலில் கோட்டை. கோட்டை இருக்கிற ராஜகிரி மலையில் ஏற என் முழங்கால் ஒத்துழைக்காது. கீழே களஞ்சியம், குளம், பெரிய பெரிய மதில் எல்லாம் பார்க்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. மேலே ஏறுகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டோம் என்று வாசலில் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் பிடுங்கும்.

வெளியே ஆட்டோ பிடித்தேன். 100 ரூபாய்.

"இன்னாம்மா, காலேஜுக்கா? சேரப் போறியா?" என்றார் ஓட்டுநர்.

"கச்சேரிக்கு."

"நீதான் பாடுறியா?"

"பேத்தி பாடுறா. நீ ரோட்டைப் பாருப்பா."

கல்லூரியில் ஒரு வகுப்பறையைக் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். நான்சி, டிரம்ஸ் அடிக்கும் திலீபன், பேஸ் கிட்டார் வாசிக்கும் இர்ஃபான், மூன்றே பேர். ஒரு தாளில் எட்டுப் பாட்டை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் பாடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தொண்டையைக் கிழிக்கிற பாட்டு இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது. திலீபன் வெறியாக அடித்த பாட்டுக்குப் பின்னால், கை ஆற மெதுவான பாட்டு. மதியம் சரிபார்த்து வைத்த மைக்கை மேடைப் பேச்சுக்காரர்களுக்காக மாற்றிவிடுவார்களாம். முதல் பாட்டு பாடும்போதுதான் சவுண்டுக்காரர் மறுபடி சரிசெய்வார். அதனால் சரியாகக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற பாட்டு முதலில்.

நான்சியின் பாட்டுக்குக் கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி வேறு சுருதி வைக்க வேண்டும். இருப்பது ஒரே கிட்டார். நடுவில் போட்டால் முன்னால் மூன்று நிமிஷம், பின்னால் மூன்று நிமிஷம் மேடை சும்மா நிற்கும். அதனால் எப்போதும் அது கடைசி. நேரம் குறைந்தால் முதலில் போவதும் அதுதான்.

"மொதல்ல போட்டா இன்னா?" என்றேன்.

"மொதப் பாட்டு மைக் செட்டுக்குப் பலி, ஆயா," என்றான் இர்ஃபான்.

ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆனால் எழுதினவருக்குத் தன் பாட்டின் மேல் ஓட்டு கிடையாது என்பது அவர்கள் சட்டம். நான்சியே எட்டாவதாகத் தன் பாட்டை எழுதினாள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், நிதானமாகப் பேசினார். ஐந்தரைக்கு ஒரு ஆசிரியர் வந்து, நாற்பத்தைந்து நிமிஷம் இல்லை, இருபத்தைந்துதான் என்றார். நாலு பாட்டை எடுக்க வேண்டும். மூன்றை உடனே தாளில் கோடு போட்டு அடித்தார்கள். நாலாவதில் நின்றுவிட்டது.

"நான்சி பாட்டைத் தூக்கிடலாம்," என்றான் திலீபன். "தெரியாத பாட்டுல முடிச்சா சனம் எழுந்து போயிடும்."

"அப்ப மொதல்ல போடு. சுருதிய இப்பவே வச்சுக்கட்டும்," என்றான் இர்ஃபான்.

"முடிச்சுட்டுத் திரும்ப மாத்த மூணு நிமிஷம் ஆவும். அதுவரைக்கும் யாரு ஆடுறது, ஆயாவா?"

"நீ அடிடா. தனியா அடிக்கணும், தனியா அடிக்கணும்னு ஒரு வருஷமா உயிரை எடுக்குறியே."

 திலீபன் பேனாவை எடுத்து வேறொரு பாட்டை அடித்தான்.

"பாதிப் பாட்டு காதுலயே விழாது, நான்சி. ஓகேவா?" என்றான் இர்ஃபான்.

"எனக்குத்தான் ஓட்டே இல்லையே," என்றாள். பிறகு, "பாதியாவது கேக்கட்டும்," என்று சொல்லிக் கம்பியைத் தளர்த்தத் தொடங்கினாள்.

இர்ஃபான் சொன்னபடியே நடந்தது. மைக் கீச்சிட்டது. முதல் சரணம் முழுக்க அவள் வாய் அசைந்தது, டிரம்ஸ் மட்டும் கேட்டது.  அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் சரணத்தில், மாம்பழக் கூடைக்காரம்மா ரயிலில் இடம் விடுகிற வரியில், குரல் பளிச்சென்று வந்தது. டீ வாங்கப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து நின்றார்கள். கைத்தட்டல் கொஞ்சம்தான்.

திலீபன் தனியாக வெளுத்து வாங்கினான். நான்சி குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, அந்த ரயில் பாட்டு யாரோடது?"

"என்னோடது," என்றாள் நான்சி. அதற்குள் மைக் சரியாகிவிட்டிருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

ஏழு மணிக்கு வேனில் திரும்பினோம். ஒரு டிரம் என் மடியில் வந்தது. பஸ்ஸில் திரும்புகிறவர்கள் திண்டிவனத்துக்குக் கடைசி வண்டி எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்காருங்கள். முதல் பாட்டுதானே என்று டீக்கடையில் நிற்காதீர்கள். அதை அங்கே வைக்க அவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

பிரியா, இந்தப் பக்கத்தின் தலையில் நான்சியைப் பத்தாம் வகுப்பில் எடுத்த போட்டோ இருக்கிறது. அதை எடுத்துவிடு. பாட்டு வரிசை எழுதி மேடையில் ஒட்டியிருந்த அந்தத் தாளை உரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். எட்டாவதில் அவள் பாட்டு, அங்கிருந்து முதல் வரிக்கு ஒரு அம்பு. ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் அவள் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் போடு.