நீலப் பெட்டி ஏறும் கூடை

மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றுக்கூடை இறங்குகிறது. உள்ளே ஓரம் கிழிந்து பசை போட்டு ஒட்டிய நீல அட்டைப்பெட்டி, காலியாக. கீழே, சந்து முழுக்க டாக்டர் என்று கூப்பிடும் மருந்துக்கடை ஷவ்கி அதை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்.

"வெளிநாட்டுது வந்துச்சா டாக்டரே?" தஹானி மேலேயிருந்து கேட்கிறாள்.

"வரலக்கா. நம்மூரு மாத்திரைதான். பேருதான் வேற, மருந்து அதேதான்."

"அதேதான்னா எதுக்கு இன்னொரு பேரு?"

எதிர்மாடியில் துணி உலர்த்தும் எனக்குச் சிரிப்பு வரும். தஹானி சந்தேகப்பிராணி. தான் சமைத்த முலுக்கியாக் கீரையையே இரண்டு கரண்டியில் ருசி பார்ப்பவள், கணவரின் மறதி மாத்திரையைச் சும்மா விடுவாளா? அலெக்சாந்திரியா முழுக்க ட்ராம் ஓட்டிய மஹ்ரூஸுக்கு இப்போது படுக்கையிலிருந்து சமையலறைக்கு வழி தெரியாது. வெளிநாட்டு மாத்திரை கடைகளில் கிடைக்காமல் போனபோது, உள்ளூர் மாத்திரையின் புதுப் பெட்டியைக் கண்டதும் அவர் வாயை இறுக்கிக்கொண்டார். மாத்திரை உள்ளே போகாத அந்த நாட்களில்தான் இவளையே யாரென்று கேட்டார். ஆடிப்போய்விட்டாள்.

அதிலிருந்து ஷவ்கி உள்ளூர் மாத்திரை அட்டையைப் பழைய நீலப் பெட்டிக்குள் செருகிக் கூடையில் வைக்கிறார். மஹ்ரூஸும் மறுபேச்சில்லாமல் விழுங்குகிறார். "பெட்டிக்கு ஒரு ராசி இருக்கு" என்கிறாள் தஹானி. ஏமாற்றுகிறவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

கடல்மூட்டம் சந்துக்குள் நுழையும் மாலைகளில் மஹ்ரூஸ் பால்கனி நாற்காலியில் இருப்பார். கை காற்றில் எதையோ மெல்லத் திருப்பும். வெண்புகைக்குள்ளிருந்து கூடை மிதந்து வருவதை, தன் வண்டியே நிறுத்தத்துக்கு வருவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்றும் அப்படித்தான் இருந்தார். தஹானி தண்ணீரோடு வந்து பெட்டியைத் திறந்தாள். அவர் அவளை மரியாதையாக ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க புதுசாம்மா? ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. இது வேற மாத்திரை. கீழ டாக்டர் மாத்தி வைக்கறத மூட்டமில்லாத நாள்லயெல்லாம் இங்கருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். என் பொண்டாட்டி எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கா. பாவம், எனக்காக ரொம்பப் பாடுபடறா. அவகிட்ட சொல்லிடாதீங்க."

கையிலிருந்த துணியை அப்படியே பிடித்தபடி நின்றேன்.

தஹானி முக்காட்டை முகத்துக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். "சொல்லமாட்டேங்க," என்று வேற்று மனுஷியின் குரலில் சொல்லி, மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.