முதல் ஐந்து வரிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், கிள்ளானில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். தோட்டத்து ஆட்கள் தமிழில் எழுதும் கடிதங்களைப் படித்து, மேல் மூலையில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுவது என் வேலை. வீடு, வைத்தியம், புகார், மரணம். அந்தச் சொல்லைப் பார்த்து, கடிதத்தை அதற்குரிய ஃபைலில் போடுவார்கள். அதற்குள் பத்து வருஷம் இதைச் செய்திருந்தேன். ஒரு கடிதம்கூட வழி தவறியதில்லை. ஆனால் மனுஷி செய்கிற வேலையை யார் மதிக்கிறார்கள்?

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தனி அறை, தனி ஏர்கோன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த நிபுணர், கடிதத்தின் முதல் ஐந்து வரிகளை ஆங்கிலத்தில் தட்டினால் போதும், எந்த ஃபைல் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்து டேக் போட்டுவிடும் என்றார். ஐந்து வரிக்குள் விஷயத்துக்கு வராத கடிதம் கிடையாது என்பது அவர் நினைப்பு. எங்கள் ஆட்கள் கடிதம் எழுதும் அழகு அவருக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். புது வேலைக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் முருகன் துணையோடு ஆரம்பிப்பார்கள். மேனேஜர் சுகமா, அவர் பிள்ளைகள் சுகமா, இங்கே எல்லாரும் சுகம், நல்ல மழை என்று போகும். ஒன்றைக் கேட்பதற்கு முன் நாலு பேரை நலம் விசாரிக்காவிட்டால் அது என்ன மரியாதை? கேட்க வந்த காரியம் ஆறாவது வரியிலோ, தாளின் பின்பக்கத்திலோ இருக்கும்.

முதல் வாரமே கம்ப்யூட்டர் முழி பிதுங்கிப்போனது. எந்த ஃபைலிலும் சேராத கடிதங்கள் குவிந்தன. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது: 'வாழ்த்து' என்று இன்னொரு டேக். அது விழுந்தால் கடிதம் ஒரு பெட்டிக்குப் போகும். கம்பெனி சின்னம் போட்ட தாளில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதத்தைக் கம்ப்யூட்டரே அச்சடிக்கும். மேனேஜருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு பஸ்ஸில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த வீட்டுக்கு வந்து சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், வெட்கமில்லாமல்.

அதே சமயம் ஜெஞ்சாரோம் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டம் ஒன்றை விற்றார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்களை இடிப்பதற்கு முன், எழுதிக் கேட்கிற குடும்பங்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுப்பதாக ஏற்பாடு. 'வீடு' டேக் விழுந்த பெயர்கள் பட்டியலாகி, தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்டன.

பட்டியல் ஒட்டி ஒரு மாதம் கழித்து அந்தத் தோட்டத்து அக்கா ஒருவர் எங்கள் கவுண்டருக்கு வந்தார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர், விதவை, பிள்ளைகள் இல்லை. வைத்தியச் சீட்டுக்காக அடிக்கடி வருவார். எனக்கு நல்ல பழக்கம். பிளாஸ்டிக் பையில் சுற்றிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வீட்டு லெட்டர் வந்துருச்சும்மா. கண்ணு பட்டுடும்னு யாருக்கும் காட்டல. எத்தனாவது மாடின்னு மட்டும் பாத்துச் சொல்லு. மேல்மாடின்னா முட்டி தாங்காது."

அது என்னுடைய நன்றிக் கடிதம்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, செருப்போடு கம்ப்யூட்டர் அறைக்குள் ஓடினேன். பெட்டியைக் கவிழ்த்து அவர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஐந்தாவது வரியில், "கடிதம் படிக்கும் தங்கச்சியின் அம்மாவுக்குக் கால்வலி தேவலையா" என்று கேட்டிருந்தார். அந்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது. ஆபீசில் வேறு யாரும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சந்தோஷமாக அதை மொழிபெயர்த்துத் தட்டிவிட்டு, அதோடு நிறுத்தியிருந்தேன். ஆறாவது வரியில் வீடு கேட்டிருந்தார்.

கடிதத்தோடு மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, வாழ்த்து வந்திருக்கிறது, நன்றி போயிருக்கிறது, எல்லாம் முறைப்படிதானே நடந்திருக்கிறது என்றார். வீடுகள் எல்லாம் கொடுத்து முடிந்துவிட்டன. நன்றிக் கடிதம் வந்த மற்றவர்கள் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, தோட்டத்து ஆபீசிலேயே பெயரைச் சேர்த்துக்கொண்டார்களாம். இந்த அக்கா ஒருவர்தான் பாக்கி. மேனேஜரிடம் நான் கத்தினேன், வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக. காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பட்டியலில் அது ஒரே பெயர்.

திரும்பி வந்து அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆத்திரமெல்லாம் என் மேல்தான். அவர் சத்தம் போடவில்லை. பலகையில் பெயர் இல்லையே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோதுகூட, கடிதம்தான் கையில் இருக்கிறதே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாராம். அந்தத் தாளில் அவரால் படிக்க முடிந்தது, தமிழில் நான் போட்ட கையெழுத்து ஒன்றைத்தான்.

"உன் கையெழுத்து இருக்கேன்னுதாம்மா பேசாம இருந்தேன்," என்றார்.

அவர் தாளைப் பையிலிருந்து மறுபடி வெளியே எடுத்தார்.

"அப்ப இதுல என்னதான் எழுதியிருக்கு?"

"நன்றின்னு எழுதியிருக்குக்கா."

"எதுக்கு?"