எட்டாம் எண் மருமகள்

போன ஞாயிறு, கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு சோபாவில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

மகள் வாசுகியும் ரமணனும் யூனிவர்சிட்டியில் பழகி, இரண்டு வீட்டுச் சம்மதமும் வாங்கியவர்கள். கல்யாணப் பதிவுக்கென்று நாங்கள் கொடுத்த வாசுகியின் பாஸ்போர்ட் போட்டோகொப்பியை ரமணனின் அம்மா ஓர் எண் சாத்திரக்காரரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார்.

“பிறந்த திகதியைக் கூட்டினால் பிள்ளை எட்டாம் எண்ணாம், அண்ணை. ரமணனுக்கு ஒத்துவராதாம். உது சும்மா சாத்திரம் இல்லை, கிரேக்க விஞ்ஞானம்.”

ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த என்னிடமா இது? செங்கோண முக்கோணத் தேற்றத்தால் எங்கள் தலைமுறைக்கே பிரம்படி வாங்கித் தந்த அந்தக் கிரேக்கரை எனக்குத் தெரியாதா?

நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் எண்ணால் உறவு உண்டு என்று கண்டவர்கள் அவருடைய ஆட்கள். அந்தச் சந்தோஷத்தில் உலகமே எண்தான் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சிலர் வானத்தை அளந்தார்கள்... சிலர் எண்களுக்கே நல்லது, கெட்டது என்று குணம் கொடுத்தார்கள். விஞ்ஞானமும் மாயமும் அப்போது தனிக்குடித்தனம் போகவில்லை. இப்போதுமா?

“அதே கிரேக்கர் அவரைக்கொட்டையும் சாப்பிடக்கூடாது எண்டவராம். நீங்கள் போஞ்சிக்கறியை விட்டாச்சோ?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால்— அந்தத் திகதியே பிழை. பிறப்புச் சான்றிதழ் ஊரில் வீட்டோடு எரிந்துவிட்டது. கனடாவில் வந்திறங்கிய பதற்றத்தில் என் மனைவி வாய்தவறிச் சொன்ன திகதி பத்திரங்களில் ஏறிவிட்டது. சரியானதைச் சொன்னால் எட்டு ஐந்தாகும், கல்யாணமும் நடக்கும். சொல்ல வாயெடுத்தேன். வாசுகி என்னைக் குசினி அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

“நோ, அப்பா. சொல்லாதேங்கோ. எட்டெண்டால் வேண்டாம், ஐஞ்செண்டால் ஓம் எண்டுற வீட்டுக்கு நான் போகமாட்டன்.”

பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. திரும்பி வந்து, “எட்டுத்தான். விருப்பமெண்டால் செய்யுங்கோ,” என்றேன். அவர் தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார்.

இரண்டு நாள் போன் அடிக்கவில்லை. வாசுகி சரியாகச் சாப்பிடவும் இல்லை. செவ்வாய் பின்னேரம் ரமணன் வந்தான்.

“எட்டோ பத்தோ, வாசுகியைத்தான் கட்டுவன் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன், அங்கிள். அவவும் கடைசியா ஓம் எண்டிட்டா.”

எனக்கு மனம் கேட்கவில்லை. “தம்பி, அந்தத் திகதி பிழையப்பன்...”

“தெரியும், அங்கிள். நாலு வருசமா அவளின்ர சரியான பேர்த்டேக்குத்தானே கேக் வெட்டுறம். நானும் அம்மாட்டச் சொல்லேல்லை.”

அவனுடைய அம்மாவும் வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பவர். படிக்கட்டும்— சரியான திகதியை இங்கேயும் எழுதமாட்டேன்.