ஓடிப்போகும் சிப்பாய்

பட்டறையில் அவனைப் புளுகன் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து இருக்கைகளுக்கு ரெக்சின் தைப்பது வேலை. வாய் தையல் மிஷினைவிட வேகமாக ஓடும். அந்த வாய்க்காகவே நாடகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ராஜா ஒருவர் படையெடுத்துப் போகும் கதை. அதில் இவனுக்குச் சின்னச் சிப்பாய் வேஷம்தான். கூடாரத்தில் உட்கார்ந்து வீரம் பேசுவான், அடுப்பிலிருக்கும் கோழியைத் திருடுவான், முரசு கேட்டதும் செத்துக்கிடப்பவனின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவான். ராஜா பேசும்போது கொட்டாவி விடுகிற கூட்டம், இவன் வந்தால் நிமிர்ந்து உட்காரும்.

அவனுடைய அண்ணன் நிஜமான சிப்பாய். விடுமுறையில் வந்தவன் நாடகம் பார்த்துவிட்டு, "எங்க படையிலயும் உன்ன மாதிரி ஒருத்தன் இருக்கான்டா. அவன் இல்லன்னா எங்களுக்குப் பைத்தியமே புடிச்சிடும்" என்றான்.

அந்த வருஷமே எல்லையில் சண்டை மூண்டது. அண்ணன் பெட்டியில் வந்தான். மூடியைத் திறக்க விடவில்லை.

அதே நாடகத்தை மறுபடி போட அழைக்க வந்த நாடக வாத்தியாரிடம் புளுகன் வாசலிலேயே சொல்லிவிட்டான்: "வேற ஆளப் பாருங்க. அண்ணன் நின்னு செத்திருக்கான். நான் ஓடிக் காட்டி ஜனங்களச் சிரிக்க வைக்கவா?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அந்த ஓடுறவன் கடைசில என்ன ஆவான்?"

"தப்பிச்சிடுவாம்மா. எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவான்."

"அப்ப நீ போடு. நான் வந்து பாக்கணும்."

அதுவரை அவள் அரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை. நாடகத்தன்று மாலை பக்கத்து வீட்டுக்காரியோடு வந்து உட்கார்ந்தாள். முரசு அடித்தது. புளுகன் பூட்ஸைக் கழற்றத் திண்டாடினான், கூட்டம் சிரித்தது. அம்மா மட்டும் முன்னால் குனிந்து, "போயிடு கண்ணு. நிக்காத, போயிடு" என்றாள்.

மெல்லிய குரல்தான். பக்கத்து வரிசைகளில் சிரிப்பு அடங்கியது. மேடையில் இருந்தவனுக்கும் கேட்டது. திரும்பி நின்று ஒரு கேலி பேசிவிட்டுத்தான் அவன் ஓட வேண்டும். கேலியையும் பூட்ஸையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினான். திரைக்குப் பின்னால் ஒட்டுமீசை நனைய அழுதவனுக்கு, ராஜா வேஷக்காரர்தான் தண்ணீர் கொடுத்தார்.

பிற்பாடு ராஜா வேஷமே அவனைத் தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டான். "இந்தப் படையில உயிரோட வீட்டுக்குப் போறவன் அவன் ஒருத்தன்தான். அவன யாருகிட்டயும் விட மாட்டேன்" என்றான்.

நாடகம் போடும்போதெல்லாம் அம்மா வந்தாள். மகன் ஓடி மறைந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். ராஜா ஜெயித்தாரா, தோற்றாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.