இரத்தப் பரிசோதனையில் வந்த பதில்

கர்த்தருக்குள் பிரியமான சகோதரிகளே, நான் நீர்வேலி ரேணுகா. என் கதை ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதிதான் தெரியும்.

போன மாசியில் மகள் பிறந்தாள். எல்லோரும் கொஞ்சினார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு மரத்துக் கிடந்தது. பால் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். செத்துப்போனால் நல்லது என்றும் நினைத்தேன். அதை ஒருவரிடம்தான் சொன்னேன், நம் ஜெபக்குழுவை நடத்தும் சுகிர்தா அக்காவிடம். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அக்கா உருக்கமாக ஜெபித்தார்.

“ஆண்டவரே, பெத்த பிள்ளையைத் தூக்க மனமில்லாமல் சாக நினைக்கிற எங்கடை ரேணுகாவைத் தொடும். அவளின்ரை விசுவாசக் குறைவை மன்னியும்.”

நீங்கள் எல்லோரும் ஆமென் என்றீர்கள். பழக்கதோஷத்தில் நானும் ஆமென் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்தால் பிள்ளை மாமியின், என் கணவரின் தாயின், மடியில் இருந்தது. அன்று மாலையே மாமி பிள்ளையைப் பால்மாப் பெட்டியோடு தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். என் கணவரும் தடுக்கவில்லை. நம்பின அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் கைவிட்டீர்கள்.

நான் கெட்ட தாயா, நீராவது சொல்லும் என்று கர்த்தரோடு சண்டை பிடித்தேன்.

மறுநாள் பிள்ளையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், வெறும் தொட்டிலையும் என்னையும் பார்த்துவிட்டுக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் அம்மாவிடம் ஜெபக்கூட்டத்தில் நடந்ததையும் சொல்லி அழுதேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் அவர் சொன்னார்:

“தைரோயிட் நல்லாக் குறைஞ்சிருக்கு, பிள்ளை. மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சோர்வைக் காட்டுற வேறை அடையாளங்களையும் தாய்மாரின்ரை இரத்தத்திலை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் இப்ப தேடினம், அந்தச் சோதனையள் இஞ்சை இன்னும் வரேல்லை. இது வருத்தம், உடம்பிலை வந்த நோய். உம்மடை விசுவாசத்திலை ஒரு குறையுமில்லை.”

நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கர்த்தர் அந்த அம்மாவின் வாயால் சொன்னார்.

டொக்டர் என் கணவரையும் கூப்பிட்டு விளக்கினார். அவர் தலை குனிந்தபடி மாமி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தார். மருந்தெடுத்தேன், ஆலோசனைக்குப் போனேன். சுகம் மெல்லத்தான் வந்தது. ஒரு காலையில் மகள் என் மூக்கைப் பிடித்து இழுக்க, எனக்குச் சிரிப்பு வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

சுகிர்தா அக்கா, உங்களை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதற்கும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது அப்படி நெஞ்சு மரத்துப்போனால் கர்த்தரை நம்புங்கள், கிளினிக்குக்கும் போங்கள். தனியே போகப் பயமென்றால் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன். உங்களுக்காக ஜெபிப்பேன். வாய்விட்டு அல்ல.