கதிர்காமநாதனின் நீளமான கேள்விகள்

கதிர்காமநாதன் ஒரு கேள்வி கேட்டு முடிக்கச் சராசரியாக ஒரு நிமிடமும் நாற்பது செக்கனும் பிடிக்கும். இது அவரைப் பிடிக்காதவர்கள் கட்டிவிட்ட கதையல்ல. கிளிநொச்சியில் 'வயலொளி' தொலைக்காட்சியில் அவருடைய நிகழ்ச்சியைத் தயாரிக்கும் பிரேமிளா, வேலை குறைந்த ஒரு நாளில் பழைய ஒளிப்பதிவுகளைப் போட்டு அளந்து பார்த்த கணக்கு. விருந்தினர்களின் பதிலுக்குச் சராசரி மூன்று செக்கன். அதில் "ஓம்" சொல்ல ஒரு செக்கன். மிச்ச இரண்டும் தலையாட்ட.

இரணைமடுத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. தகப்பனார் அவரை வயலில் இறக்கிப் பார்த்தார். பிள்ளை வரம்பில் நின்று, மற்றவர்கள் நாற்று நடுவதைப் பற்றி உரத்த குரலில் வர்ணனை செய்துகொண்டிருந்தது. வயலுக்கு அவரால் ஒரு பிடி நன்மையும் இல்லை என்று தெரிந்ததும் கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை காணாமல் போன குழந்தையைப் பற்றி அறிவிக்கச் சொன்னார்கள். தாய்மையின் மகத்துவம் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, குழந்தை போட்டிருந்த உடுப்பின் நிறத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, குழந்தை தாயின் இடுப்பில் இருந்து கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

யுத்தம் எல்லாரையும் போல அவரையும் இடம் இடமாகத் தூக்கிப் போட்டு, கடைசியில் வவுனியாவில் கொண்டுவந்து விட்டது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அதைப் பற்றி மற்றவர்களைக் கதைக்கவைப்பதுதான் பிறகு அவருடைய பிழைப்பானது.

தொழிலுக்கு வந்த புதிதில் அவர் ஒரே ஒரு முறை சின்னக் கேள்வி கேட்டிருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2003ஆம் ஆண்டு, சண்டை ஓய்ந்திருந்த காலம். வவுனியாவில் ஒரு சிறிய வானொலியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். உள்ளூர்ச் சபையொன்றின் தலைவர் கலையகத்துக்கு வந்தார். கதிர்காமநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "இந்த வீதியை ஏன் இன்னும் முடிக்கேல்ல?"

தலைவர் மேசையில் இருந்த கிளாசைப் பார்த்தார். தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார். கிளாசை மெதுவாக வைத்தார். அவ்வளவுதான். திங்கட்கிழமை கதிர்காமநாதன் வேலைக்குப் போனபோது அவர் கையில் மரண அறிவித்தல் கட்டைக் கொடுத்தார்கள். ஏழு மாதம் வாசித்தார். காலமானவர்களின் மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று அத்தனை பெயரையும் வாசித்து முடித்தபோது தொழிலை நன்றாகப் படித்திருந்தார். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டால் யாரும் தண்ணீர் குடிக்க வேண்டி வராது.

அந்தப் படிப்போடுதான் 2012இல் கிளிநொச்சிக்குத் திரும்பிவந்து 'வயலொளி'யில் 'நெஞ்சோடு நேரே' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் நாலு மணிக்கு, நேரலை. விருந்தினர்களில் இரண்டு வகை. அதிகாரி, வேட்பாளர், வெளிநாட்டிலிருந்து வந்த கொடையாளி என்றால் மேசையில் ஒரு தட்டு வறுத்த கஜு வைக்கப்படும். அவர்களிடம் சின்ன வயசுக் குறும்பு, பிடித்த பாட்டு, முதல் காதல் பற்றிக் கேட்பார். காலில்லாதவர், பிள்ளையைத் தொலைத்த தாய், கூரையில்லாத வீட்டுக்காரர் என்றால் கஜுத் தட்டை எடுத்துவிட்டு, கண் துடைக்கும் கடதாசிப் பெட்டியை வைப்பார்கள். அவர்களிடம் காயத்தைப் பற்றிக் கேட்பார். கடதாசி எடுக்கும்வரை கேட்பார். கனடாவிலும் சுவிஸிலும் இருந்து பார்ப்பவர்கள் பதினேழு நாட்டு நேரத்தில் சேர்ந்து அழுவார்கள். அவருக்கு இதுவரை கிடைத்த பொன்னாடைகள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன.

ஓய்வுபெற்ற தாதியான அவர் மனைவி சிவலட்சுமி, நிகழ்ச்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பா.

"வாயசைவைப் பார்த்தாலே விளங்குது, பிறகென்னத்துக்குச் சத்தம்?" என்பா.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, சுதர்சினி என்ற பெண் விருந்தினராக வந்தாள். ஏ9 வீதியிலிருந்து நாலு கிலோமீற்றர் உள்ளே, நாவலடிக் குடியிருப்பில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்திருப்பவள். வயது நாற்பத்திரண்டு. மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பத்து மகள். கணவன் சுதாகரன் நாலு வருடம் கட்டாரில் வேலை செய்தபோது வீட்டுப் பம்பு நின்றுவிட்டது. திருத்துபவர் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை அலைக்கழித்தார். பொறுமை போய் அவளே கழற்றினாள். கழற்றியதை மாட்டப் பழகினாள். இப்போது பளையிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் பம்பைக் கட்டிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள்.

பிரேமிளா இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வரி: 'கணவர் இல்லாத நாலு வருடத்தில் தானாகப் பழகிய தொழில்.' முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த கதிர்காமநாதன் ஒரு கண்ணால் அதைப் பார்த்தார். முதல் இரண்டு சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது.

நாலு மணி. புல்லாங்குழல் ஒலித்தது.

"நேயர்களே, ஒரு கொடி படர்ந்திருந்தது. அது பற்றியிருந்த மரம் ஒரு நாள் சாய்ந்தது. அந்தக் கொடி அழுததா? அழுதது. ஆனால் எழுந்ததா? எழுந்தது…"

சுதர்சினி யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் பிளாஸ்டிக் பூச்சாடி மட்டும்தான் இருந்தது. அவளுக்கு மெல்ல விளங்கியது.

"ஐயா, அது வந்துங்க…"

அவர் உள்ளங்கையை உயர்த்தினார். "வேண்டாம் சகோதரி. அழுகையை அடக்க வேண்டாம்." கடதாசிப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

முகத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்கிறார் போலும் என்று நினைத்து அவள் ஒரு கடதாசி எடுத்துக் கன்னத்தைத் துடைத்தாள். உண்மையிலேயே கிறீஸ் இருந்தது. கமெரா கிட்டப் போனது. ரொறொன்ரோவில் மூன்று பேர் அழத் தொடங்கினார்கள்.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரேமிளா இரண்டு கையையும் வீசினாள். இன்னும் உருக்கமாக வேண்டும் என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். காதில் மாட்டும் கருவியில் சொல்லியிருக்கலாம்; அது தன் ஓட்டத்தைக் குழப்புகிறது என்று அவர் அதைக் கழற்றிவைத்து ஆறு வருடம்.

"அப்படியிருந்தும் நீங்கள் நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறீர்கள். கழுத்தில் தாலியைக் கழற்றவில்லை. சமூகத்தின் விலங்குகளை உடைத்தெறிந்த இந்தத் துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? மறைந்த கணவரின் நினைவே அந்தத் துணிச்சல், அப்படித்தானே?"

"இல்லைங்க…"

"இல்லை என்ற ஒரே சொல்லில் எத்தனை வலி, பாருங்கள் நேயர்களே!"

இப்படிப் பதினொரு நிமிடம். பிறகு நேயர் அழைப்பு நேரம் வந்தது.

"வணக்கம், யார் கதைக்கிறீர்கள்?"

"வணக்கம் ஐயா. நாவலடியிலயிருந்து சுதாகரன்."

"சுதாகரன், இந்தச் சகோதரிக்கு என்ன ஆறுதல் சொல்ல விரும்புகிறீர்கள்?"

"ஆறுதல் ஒண்டும் இல்லைங்க. நான்தான் ஐயா அந்தப் புருசன். அரிசி எந்த வாளியில இருக்கெண்டு கேக்கத்தான் எடுத்தனான். அவங்கட போன் வேலை செய்யேல்ல."

சுதர்சினி ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தாள். "நீல வாளி. எடுத்திட்டு மூடிய இறுக்கி மூடுங்க, எலி வரும்."

"நேயர்களே, இணைப்பில் ஒரு சிறு தடங்கல்…"

"தடங்கல் இல்லைங்க ஐயா, தெளிவாத்தான் கேக்குது" என்றார் இறந்துபோனவர்.

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். உள்ளே வசனம் ஒன்றும் இருக்கவில்லை. இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அந்த இடைவெளியில் சுதர்சினி புகுந்துவிட்டாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்க. நான் அழ வரேல்ல. எங்கட குடியிருப்பில நூத்திப் பத்துக் குடும்பம். குழாய் போட்டு ரெண்டு வருசமாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி வரேல்ல. அதச் சொல்லத்தான் வந்தனான். போன மாசம் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான ஐயாவ இதே கதிரையில இருத்தி, என்ன பாட்டுப் பிடிக்கும் எண்டு கேட்டீங்க. அவரும் பாடினார். நல்லாத்தான் பாடினார். தண்ணி ஏன் வரேல்ல எண்டு நீங்க கேக்கேல்லையே?"

"விளம்பர இடைவேளை" என்றார் கதிர்காமநாதன்.

வீட்டுக்குப் போனபோது சிவலட்சுமி குசினியில் நின்றா. கண் சிவந்திருந்தது.

"சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறீர் போல" என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து போடச் சொன்னவா. இஞ்சேருங்கோ, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நோகுது."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளை சொன்னது பிழையோ?"

சிவலட்சுமி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தா. கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில், பதிலை ஒட்டாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. "பிழையில்லை" என்றா. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா.

ஞாயிறு காலைக்குள் அந்தத் துண்டு வட்ஸ்அப்பில் உலகம் சுற்றியது. அலைவரிசையின் உரிமையாளர் ராஜரத்தினம், பளையில் சீமெந்து வியாபாரம் செய்பவர். அவர் கோபிப்பார் என்று எல்லாரும் பயந்தார்கள். அவர் துள்ளிக்கொண்டு வந்தார். "இவ்வளவு பேர் எங்கட சனலைப் பார்த்ததே இல்லை! அந்த அதிகாரியையும் கூப்பிடுங்கோ. தண்ணிக் கேள்வியைக் கேளுங்கோ. நான் பொறுப்பு."

குடிநீர்த் திட்டத்துப் பொறியியலாளர் ஜெயந்தன் வர ஒப்புக்கொண்டார். போன முறை பாடிய பாட்டுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இன்னொன்று பழகிக்கொண்டு வந்தார்.

அந்தக் கிழமை முழுக்கக் கதிர்காமநாதன் ஒரே கேள்வியை வைத்துத் தயாரானார். நீளமாக எழுதினார், வெட்டினார், இன்னும் வெட்டினார். கடைசியில் நாலு சொல் மிஞ்சியது. குளியலறையில் சொல்லிப் பார்த்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி என்று பிரேமிளா சொன்னாள். "பத்து செக்கன் மட்டும் சேர். மனசுக்குள்ள எண்ணுங்கோ. அவர் கட்டாயம் வாய் திறப்பார்."

சனிக்கிழமை. மேசையில் கஜு இல்லை, கடதாசிப் பெட்டியும் இல்லை. ஜெயந்தன் புன்னகையோடு தொண்டையைச் செருமித் தயாரானார்.

கதிர்காமநாதன் கேட்டார்: "நாவலடிக்கு ஏன் தண்ணி வரேல்ல?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரேமிளா கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டாள். ஒளிப்பதிவாளர் கமெராவிலிருந்து தலையை எடுத்து நேரே பார்த்தார். ஜெயந்தனின் சிரிப்பு முகத்தில் கொஞ்சம் மிஞ்சி நின்றது. கண் இங்கும் அங்கும் ஓடியது. ஒன்று. இரண்டு. கை மெதுவாக நீண்டு தண்ணீர்க் கிளாசைப் பிடித்தது. மூன்று. தூக்கினார். நாலு.

ஐந்தாவது செக்கனில் கதிர்காமநாதனின் குரல் தானாகவே எழுந்து வந்தது. "அதாவது, நிதி ஒதுக்கீட்டில் ஏற்பட்ட தாமதமும், காலநிலையும், மக்களின் போதிய ஒத்துழைப்பின்மையும் சேர்ந்து இந்த மகத்தான திட்டத்துக்கு ஒரு சிறு பின்னடைவைத் தந்திருக்கலாம், அப்படித்தானே?"

ஜெயந்தன் கிளாசைக் கீழே வைத்தார். தண்ணீர் குடிக்கவில்லை. "ஓம், ஓம். அதுதான்" என்றார். இரண்டு முறை தலையாட்டினார்.

பிரேமிளா நாற்காலியில் சரிந்தாள். அந்தப் பதிலைவிட நல்ல பதில் அந்தப் பொறியியலாளருக்குச் சத்தியமாகத் தெரிந்திருக்காது. திட்டக் கந்தோரில் இப்போது அதையே எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்களாம். 'மக்களின் போதிய ஒத்துழைப்பின்மை' என்ற வரியை நாவலடிச் சனங்களுக்கு வந்த கடிதத்தில் சுதர்சினியே வாசித்தாள். வாசித்துவிட்டு அந்தக் கடிதத்தைப் பம்பொன்றின் எண்ணெயைத் துடைக்க எடுத்தாள். குழாயில் தண்ணீர் மார்கழி வரையும் வரவில்லை. குடியிருப்புக்காரர் சேர்ந்து ஒரு பழைய கிணற்றை இறைத்து, அவள் திருத்திக் கொடுத்த பம்பைப் பூட்டிக்கொண்டார்கள். அதைப் படமெடுக்க வரலாமா என்று 'வயலொளி' கேட்டது. கிணற்றடியில் வேலை கிடக்கிறது, வருபவர் வாளி தூக்குவார் என்றால் வரலாம் என்று பதில் வந்தது.

கதிர்காமநாதன் அன்று நிகழ்ச்சி முடிந்ததும் தன் மோட்டார் சைக்கிளில் ஏறி, அதைக் கிளப்பாமல் வெயிலுக்குள் இருந்தாராம். உதடு அசைந்துகொண்டிருந்ததாம். எண்ணிக்கொண்டிருந்தார் என்கிறார் வாசலில் நின்ற காவலாளி. ஒன்பது வரைக்கும் போனாராம்.

மார்கழியில் அவருக்கு மணிவிழா வந்தது. விழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். பிரேமிளா கணினிக்கு முன்னால் இருக்க, அவர் பின்னால் நடந்துகொண்டே சொன்னார்.

"'அதிகாரத்தின் கண்களை நேரே நோக்கி, நாவலடி மக்களின் தாகத்தை நாலே நாலு சொற்களில் கேட்டவர்.' அடிச்சாச்சோ?"

"அடிச்சிட்டன் சேர்." பிரேமிளா விரலை எடுக்காமல் திரும்பினாள். "பதில் சொன்னது ஆரெண்டும் போடவோ?"

அவர் நடப்பதை நிறுத்தினார். யன்னலுக்கு வெளியே வவுனியா பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஒரு பக்கம்தான் தந்திருக்கினம் பிள்ளை. இடம் காணாது" என்றார்.