கன்னம் பட்ட இடம்

அத்தான் இறந்ததும் அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். லைசென்ஸ் அக்கா பெயருக்கு மாறி அது வீடு திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குழலுக்கு ஒன்றுமில்லை. மரக்கட்டைதான் வெளுத்து, வறண்டு, சொரசொரவென்று இருந்தது. இன்னொரு மழையில் நனைந்தால் பிளந்துவிடும், எண்ணெய் பூச வேண்டும் என்று தச்சர் சொல்லிவிட்டார்.

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை, அக்காவுக்கு இருந்ததெல்லாம் அதுதான். முந்தின வருஷம் காட்டுப்பன்றிகள் கடலையைத் தின்றுவிட்டு எங்களுக்குக் கொடியை விட்டுவைத்திருந்தன. இந்த வருஷமும் அப்படிப் போனால் கொல்லையை விற்றுவிட்டு என் வீட்டோடு வந்துவிட வேண்டியதுதான். அந்தப் பேச்சே அவளுக்கு வேப்பங்காய்.

எண்ணெய் விஷயத்தில் ஊரில் வாயுள்ளவர்கள் எல்லோருமே வைத்தியர்கள். அவள் கொழுந்தனார் விளக்கெண்ணெய் என்றார். துப்பாக்கியைத் தொடவே பயப்படுகிற நான் தேங்காயெண்ணெய்க் கட்சி. அக்கா யாரோடும் வாதாடவில்லை. பழைய மண்வெட்டிக் காம்பைத் துண்டுபோட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெயைத் தேய்த்துக் கூரைமேல் வைத்தாள். விளக்கெண்ணெய்த் துண்டு காயவேயில்லை. தெருத் தூசியையெல்லாம் இழுத்துப் பூசிக்கொண்டது. தேங்காயெண்ணெய்த் துண்டை எலி கொறித்திருந்தது. அதைக் கொண்டுவந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் பெயிண்ட் விற்ற பாயிடம் வாங்கிய ஆளிவிதை எண்ணெய்தான் மரத்தோடு மரமாகக் காய்ந்தது. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டோடியது. ஆனால் மரத்தைக் கறுக்க வைத்தது.

அங்கேதான் சங்கடம். குறி பார்க்கும்போது அத்தான் கன்னம் பதிக்கிற இடத்தில், கட்டையின் இடது பக்கம், அவர் வியர்வையும் தலையெண்ணெயும் ஊறிய கறை உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. வீட்டில் அவர் போட்டோ கிடையாது. துப்பாக்கி திரும்பி வந்த அன்று அக்கா அந்தக் கறைமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கட்டை முழுக்கக் கறுத்துவிட்டால் கறை எங்கே தெரியும்? அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசேன் என்றேன்.

"அங்க மட்டும் வுட்டா தண்ணி அங்கதான் பூரும். அவுரு பூட்டாரு. பன்னி போவல."

சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லா வேலைக்கும் இடது கைதான். ஒரு சொட்டுத் தொட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்தாள். காயவிட்டாள், மறுபடி தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கை நிற்கவில்லை. எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் திட்டியிருப்பாள்.

அந்த வருஷம் மழையில் கட்டை ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. அக்கா சுட்டதில் இரண்டு பன்றி விழுந்தன, மற்றவை வேறு கொல்லை பார்த்துக்கொண்டன. கடலை மூட்டை மூட்டையாக வீடு வந்தது. கொல்லையை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

சில வருஷம் கழித்து ஒருநாள் தைரியமாகத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்தேன். வலது பக்கம் ஓரிடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இடது கைக்காரியின் கன்னம் அந்தப் பக்கம்தானே படும்! இடது பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரே கறுப்பு.

கடலை உடைத்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா தேட்ற? அது அங்கதான் கீது, உள்ள."